ஜனநாயகச் சரிவும் பாலின சமத்துவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனநாயகம் தேயும் நாடுகளில் பெண்களின் உரிமை என்ன ஆகிறது என்ற கேள்விக்கு இரண்டு எளிய விடைகள் புழங்குகின்றன. ‘இரண்டும் சேர்ந்தே சரியும்’ என்பது ஒன்று. ‘பெண்களின் நிலை எங்கும் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறது, எண்ணிக்கையைப் பாருங்கள்’ என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி உண்மை. அந்தப் பாதிகள் எங்கே பொருந்துகின்றன, எங்கே ஒன்றையொன்று மறுக்கின்றன என்பதைப் பற்றியவை கீழே உள்ள கேள்விகளும் விடைகளும்.

ஜனநாயகச் சரிவு என்பது ஆட்சிக் கவிழ்ப்பைத்தானே குறிக்கிறது?

இல்லை. இராணுவம் தெருவில் இறங்கி, ஒரே இரவில் ஆட்சி கைமாறுவது ஆட்சிக் கவிழ்ப்பு. மியான்மரில் 2021 பிப்ரவரி 1 அன்று நடந்தது அது. சரிவு என்பது தோல் இருக்கச் சுளை விழுங்கும் வேலை. தேர்தல் நடக்கும், நாடாளுமன்றம் கூடும், நீதிமன்றக் கதவு திறந்திருக்கும். ஆனால் தேர்தல் ஆணையம், நீதிபதி நியமனம், ஊடக உரிமம், தன்னார்வ அமைப்புகளின் பதிவு என ஒவ்வொன்றாக ஆளுங்கட்சியின் பிடிக்குள் போய்விடும். இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் முறையாகத் தேர்தலில் வென்று வந்தவர்கள் என்பதுதான் இதை அடையாளம் காண்பதில் உள்ள சிக்கல்.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, நாடுகளின் ஜனநாயக நிலையை அளவிட்டுவரும் வி-டெம் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2024-ஆம் ஆண்டின் நிலவரத்தில் உலகில் 88 ஜனநாயக நாடுகளும் 91 எதேச்சாதிகார நாடுகளும் இருந்தன. ஜனநாயக நாடுகளின் எண்ணிக்கை இப்படிப் பின்தங்கியது இருபது ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் அதுவே முதல் முறை.

பெண்களின் உரிமைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் பலரும் நினைப்பதுபோல அது ஆட்சியாளரின் பெண் வெறுப்பிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. சொத்துரிமையானாலும், மணவிலக்கு உரிமையானாலும், குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டமானாலும் பெண்கள் பெற்ற எதுவும் தானாக வந்து சேர்ந்ததில்லை. சங்கம் அமைத்தார்கள், கூட்டம் போட்டார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள், வழக்குத் தொடுத்தார்கள். சரிவின்போது ஆட்சி அடைப்பதும் இதே நான்கு வாசல்களைத்தான். ஆகவே, பெண்கள் என்ற சொல்லே இல்லாத ஒரு சட்டம்கூடப் பெண்களை முதலில் தாக்கக்கூடும்.

ரஷ்யாவில் நடந்ததை வரிசைப்படி பார்த்தால் இது விளங்கும். வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகள் தம்மை ‘வெளிநாட்டு முகவர்’ என்று பதிவுசெய்ய வேண்டும் என்ற சட்டம் 2012-இல் வந்தது. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக நாடு தழுவிய தொலைபேசி உதவி எண்ணை நடத்திவந்த ‘அன்னா’ மையத்தின் மீது 2016 டிசம்பரில் அந்த முத்திரை குத்தப்பட்டது. அடுத்த மாதமே, எலும்பு முறிவு போன்ற பெருங்காயம் ஏற்படுத்தாமல் முதல் முறை குடும்பத்தினரை அடிப்பது குற்றவியல் குற்றமல்ல என்னும் சட்டத் திருத்தத்தை ரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவை நிறைவேற்றியது; ஆதரவாக 380 வாக்குகள், எதிராக 3. இரண்டு ஆண்டுவரை சிறை என்றிருந்த தண்டனை, அபராதமாகவோ சில நாள் காவலாகவோ சுருங்கியது. ஒன்றுக்காகவே மற்றொன்று செய்யப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் திருத்தத்தை எதிர்த்து உரக்கப் பேசத் தகுதியும் தரவும் உடையவர்கள், பேச வேண்டிய நேரத்தில் ‘வெளிநாட்டுக்காரர்களின் ஆட்கள்’ ஆகியிருந்தார்கள்.

முதலில் பெண்களின் உரிமையில் கைவைப்பது ஏன்?

செலவு குறைவு என்பது முதல் காரணம். வரியை உயர்த்தினால் வணிகர்கள் எதிர்ப்பார்கள்; ஓய்வூதியத்தைக் குறைத்தால் முதியவர்கள் எதிர்ப்பார்கள். ‘குடும்பத்தைக் காக்கிறோம்’ என்று சொன்னால் அதை எதிர்க்கிறேன் என்று மேடையேறிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. மத அமைப்புகளின் ஆதரவும் கூடவே கிடைத்துவிடும்.

இரண்டாவது காரணம், ஆழம் பார்ப்பது. ஹங்கேரியில் 2018 அக்டோபரில் ஓர் அரசாணை, பாலினவியல் முதுகலைப் படிப்பை அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. இரண்டே பல்கலைக்கழகங்களில், சொற்ப மாணவர்கள் படித்துவந்த படிப்பு அது. அதன் அளவைப் பார்த்தால் அற்பம்; அதன் பொருளைப் பார்த்தால், எது கல்வி எது கல்வியல்ல என்று அமைச்சரவையே முடிவுசெய்யலாம் என்பது நிலைநாட்டப்பட்டுவிட்டது. யாரும் பெரிதாகக் கவலைப்படாத ஓரத்தில் தொடங்குவதுதான் இந்த உத்தியின் நுட்பம்.

மூன்றாவது, பிறப்பு விகிதம். தேசம் சுருங்குகிறது என்ற அச்சத்தை அரசியலாக்கும் ஆட்சிகளுக்குப் பெண்ணுடல் ஒரு மக்கள்தொகைக் கருவியாகிவிடுகிறது. இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும்: இத்தகைய ஆட்சிகள் பெண்களிடமிருந்து பிடுங்க மட்டும் செய்வதில்லை, கொடுக்கவும் செய்கின்றன. ஹங்கேரி 2019-இல் அறிவித்த திட்டத்தில், நான்கு குழந்தைகளைப் பெற்று வளர்த்த பெண்களுக்கு ஆயுள் முழுவதும் வருமான வரி விலக்கு கிடைத்தது. புதுமணத் தம்பதியருக்கு ஒரு கோடி ஃபோரிண்ட் வரை வட்டியில்லாக் கடன், மூன்றாவது குழந்தை பிறந்தால் முழுத் தள்ளுபடி. பல குடும்பங்களுக்கு இது மெய்யான உதவி. ஆயினும் இந்தச் சலுகை குடிமகளுக்குக் கிடைப்பதன்று, தாய்க்குக் கிடைப்பது. கொடுத்தவர் நினைத்தால் நிபந்தனையை மாற்றலாம் என்பதால், சலுகை எவ்வளவு பெரிதானாலும் அதை உரிமை என்று சொல்ல முடியாது.

சட்டத்தை மாற்ற நாடாளுமன்றம் இருக்கிறதே. பெரும்பான்மை விரும்பினால் அதுவும் ஜனநாயகம்தானே?

சரியான கேள்வி. பெரும்பான்மை வாக்களித்து, எதிர்ப்பவர்கள் தடையின்றிப் பேசி, நீதிமன்றம் சுதந்திரமாக ஆராய்ந்து ஒரு சட்டம் மாறினால், அது எனக்குப் பிடிக்காவிட்டாலும் ஜனநாயகத்துக்குள் நடந்த மாற்றம். அயர்லாந்தில் 2018 இறுதிவரை கருக்கலைப்புக்கு ஏறத்தாழ முழுத் தடை இருந்தது. அதனால் அயர்லாந்தை எதேச்சாதிகார நாடு என்று யாரும் சொன்னதில்லை. அந்த ஆண்டு மே மாத மக்கள் வாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் தடையை நீக்க வாக்களித்த பிறகு சட்டம் மாறியது. எனவே சட்டத்தின் உள்ளடக்கத்தை மட்டும் பார்த்துச் சரிவு என்று முடிவு கட்டக் கூடாது. எந்த வழியாக மாறியது என்று கேட்க வேண்டும்.

போலந்தில் அந்த வழி கண்கூடாகத் தெரிந்தது. கருக்கலைப்பை அறவே தடைசெய்யும் மசோதா 2016-இல் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, அக்டோபர் 3 அன்று கறுப்பு உடையணிந்த பெண்கள் மழையில் குடைபிடித்துக்கொண்டு நகரம் நகரமாகத் திரண்டார்கள். மூன்று நாளில், ஆளுங்கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து 352-க்கு 58 என்ற கணக்கில் மசோதாவைத் தோற்கடித்தார்கள். நாடாளுமன்றத்தில் முடியாமற்போனது அத்தோடு முடியவில்லை. அரசமைப்புத் தீர்ப்பாயத்தில் நீதிபதிகளை நியமித்த முறை பற்றி 2015 முதலே பெரும் சர்ச்சை இருந்தது. ஆளுங்கட்சி தேர்ந்தெடுத்தவர்கள் நிறைந்திருந்த அந்தத் தீர்ப்பாயத்துக்கு 119 உறுப்பினர்கள் மனுச் செய்தார்கள். கருவில் கடும் குறைபாடு இருந்தால் கலைக்கலாம் என்ற விதி அரசமைப்புக்கு முரணானது என்று 2020 அக்டோபர் 22 அன்று தீர்ப்பு வந்தது. அந்நாட்டில் சட்டப்படி நடந்த கருக்கலைப்புகளில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரு விதியின் கீழ் நடந்தவை. பெருந்தொற்றுக் காலம், கூட்டம் கூடுவதற்குக் கட்டுப்பாடு இருந்தது.

துருக்கியின் கதை இன்னும் சுருக்கமானது. பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கும் ஐரோப்பிய உடன்படிக்கை 2011 மே 11 அன்று இஸ்தான்புல் நகரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டதால் அந்நகரின் பெயரையே பெற்றது. அதற்கு முதலில் ஒப்புதல் வழங்கிய நாடும் துருக்கிதான், அதுவும் நாடாளுமன்றத்தின் வழியாக. 2021 மார்ச் 20 அன்று விடிந்தபோது, குடியரசுத் தலைவரின் ஒற்றை ஆணையால் நாடு உடன்படிக்கையிலிருந்து விலகுவது முடிவாகியிருந்தது. அரசிதழில் இரவோடு இரவாக அறிவிப்பு வெளியாகியிருந்தது. நாடாளுமன்றம் செய்ததைத் தனியொருவர் கலைக்கலாமா என்று பெண்கள் அமைப்புகளும் வழக்கறிஞர் சங்கங்களும் வழக்குத் தொடுத்தன. உயர் நிர்வாக நீதிமன்றம் 2022-இல் அவற்றைத் தள்ளுபடி செய்தது. அதிகாரத்தைக் குடியரசுத் தலைவரிடம் குவித்த 2017-ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தத்தைப் பற்றிய வாதங்களில் இந்த உடன்படிக்கை யாருடைய நினைவிலும் இருந்திருக்காது. நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் கணக்குத் தெரிந்தது.

இது புதிய போக்கா?

இல்லை. ஜெர்மனியில் பெண்கள் முதன்முதலாக வாக்களித்த 1919 ஜனவரித் தேர்தலில் 37 பெண்கள் தேசிய அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 1933-இல் நாஜிக் கட்சி மட்டுமே எஞ்சியது. அக்கட்சி நாடாளுமன்றத்துக்குப் பெண்களை நிறுத்துவதில்லை. ஆகவே வாக்குரிமையை ரத்து செய்யாமலே அவையில் ஒரு பெண்கூட இல்லாத நிலை வந்தது. அதே ஆண்டு அறிமுகமான 1,000 மார்க் திருமணக் கடனுக்கு, மணப்பெண் வேலையை விட வேண்டும் என்பது நிபந்தனை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடனில் கால் பங்கு கழிக்கப்பட்டது. 1936-இல் பெண்கள் நீதிபதிகளாகவும் வழக்கறிஞர்களாகவும் வருவது நிறுத்தப்பட்டது. (ஹங்கேரியின் கடனை இதோடு ஒப்பிடுபவர்கள் உண்டு. ஹங்கேரியில் வேலையை விடச் சொல்லவில்லை. ஒப்பீடு அந்த அளவோடு நிற்க வேண்டும்.)

பாகிஸ்தானில் 1977-இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் ஜியா-உல்-ஹக், 1979-இல் ஹுதூத் எனப்படும் இஸ்லாமியத் தண்டனை முறையின் பெயரால் அவசரச் சட்டங்களைப் பிறப்பித்தார். வன்புணர்வை நிரூபிக்க முடியாத பெண், தகாத உறவை ஒப்புக்கொண்டவளாகக் கருதப்பட்டுத் தானே குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நிலையை அவை உண்டாக்கின. தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் எதுவும் இயற்றாத சட்டங்கள் அவை.

பெண் உறுப்பினர்கள் மிகுந்த நாடாளுமன்றங்கள் எதேச்சாதிகார நாடுகளிலும் இருக்கின்றனவே?

இருக்கின்றன, இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். உலக நாடாளுமன்றங்களில் பெண்களின் பங்கு 1995-இல் 11.3 விழுக்காடு, 2025 தொடக்கத்தில் 27.2 விழுக்காடு. ஜனநாயகம் சரிந்துகொண்டிருந்த ஆண்டுகளிலும் இந்த எண் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அப்படியானால் இரண்டுக்கும் தொடர்பில்லையா?

ருவாண்டாவை எடுத்துக்கொள்வோம். 2003-ஆம் ஆண்டு அரசமைப்பு, முடிவெடுக்கும் அவைகளில் பெண்களுக்குக் குறைந்தது 30 விழுக்காடு இடம் என்று விதித்தது. 2008 தேர்தலில் கீழவையில் பெண்கள் 56 விழுக்காட்டைத் தாண்டி, உலகிலேயே பெண்கள் பெரும்பான்மையான முதல் நாடாளுமன்றம் உருவானது. 2013-இல் அது ஏறத்தாழ 64 விழுக்காடு. இது வெறும் பொம்மைக் கொலு அல்ல. குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டத்தை முன்னெடுத்துக் கொண்டுவந்தவர்கள் அந்த அவையின் பெண் உறுப்பினர்களே.

இனி, அதே நாட்டில் மற்றொரு பெண்ணைப் பாருங்கள். 2017-இல் டயான் ருவிகாரா என்ற 35 வயதுத் தொழில்முனைவர், குடியரசுத் தலைவர் பால் ககாமேவை எதிர்த்துப் போட்டியிடப்போவதாக அறிவித்தார். சில நாள்களுக்குள் அவருடையவை என்று சொல்லப்பட்ட நிர்வாணப் படங்கள் இணையத்தில் பரவின. அவை போலி என்றார் அவர். ஆதரவுக் கையெழுத்துகளில் மோசடி என்று கூறி அவருடைய மனுவைத் தேர்தல் ஆணையம் நிராகரித்தது. செப்டம்பரில் தாயோடும் சகோதரியோடும் கைதானார். 2018 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2024-இலும் போட்டியிட அனுமதி கிடைக்கவில்லை. ககாமே பெற்ற வாக்குகள் 2017-இல் 98.8 விழுக்காடு, 2024-இல் 99 விழுக்காட்டுக்கும் மேல். ஆக, அந்த நாட்டில் ஒரு பெண் சட்டமியற்றலாம். ஆட்சியை எதிர்க்க முடியாது.

நிகரகுவாவிலும் நாடாளுமன்றத்தில் பாதிக்கு மேல் பெண்கள். அதே நாட்டில் 2006 முதல், தாயின் உயிருக்கு ஆபத்து என்றாலும் கருக்கலைப்புக் கூடாது; 2018 போராட்டங்களுக்குப் பிறகு மூடப்பட்ட ஆயிரக்கணக்கான தன்னார்வ அமைப்புகளில் பெண்கள் அமைப்புகளும் ஏராளம்; 2021 தேர்தலில் முன்னணிப் போட்டியாளராகக் கருதப்பட்ட கிறிஸ்தியானா சாமோரோ உட்படப் பலர் தேர்தலுக்கு முன்பே காவலில் வைக்கப்பட்டார்கள்.

ஆய்வாளர்கள் இந்த உத்திக்குப் புதுப் பெயர்கள் சூட்டியிருக்கிறார்கள். தமிழில் நமக்குக் ‘கண்துடைப்பு’ என்ற பழைய சொல்லே போதும். தேர்தலில் நேர்மை, பேச்சுரிமை போன்றவற்றைக் கேட்கும் வெளிநாடுகளிடமும் நிதி நிறுவனங்களிடமும் காட்டுவதற்கு, பெண்களின் எண்ணிக்கை கைவசமுள்ள நல்ல அட்டை. ஆட்சியாளரின் பிடியை அது சற்றும் தளர்த்துவதில்லை.

மேலிருந்து கொடுத்தாலும் உரிமை உரிமைதானே? அதில் என்ன குறை?

கிடைத்தவரை நன்மைதான், அதை இகழ்வது வசதியாக இருப்பவர்களின் பேச்சு. சவூதி அரேபியாவில் 2018 ஜூன் 24 அன்று பெண்கள் சட்டப்படி கார் ஓட்டத் தொடங்கியபோது, பலருடைய அன்றாட வாழ்க்கை மாறியது. ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன், மே மாதத்தில், அந்த உரிமைக்காகவே ஆண்டுக்கணக்கில் போராடிய லுஜைன் அல்-ஹத்லூல் உள்ளிட்ட பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். தடை நீங்கிய நாளில் அவர் சிறையில் இருந்தார். 2021 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார். ‘கேட்டதால் கிடைத்தது’ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்ற கவனம் அதில் தெரிகிறது.

துனிசியாவில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். 2018 உள்ளாட்சித் தேர்தலில், கட்சிப் பட்டியல்களில் ஆணும் பெண்ணும் மாறிமாறி இடம்பெற வேண்டும், பட்டியல்களின் தலைமையிலும் பாதி பெண்களாக இருக்க வேண்டும் என்ற விதியால், வென்றவர்களில் 47 விழுக்காட்டினர் பெண்களாக இருந்தார்கள். 2021 ஜூலையில் குடியரசுத் தலைவர் கைஸ் சயீது நாடாளுமன்றத்தை முடக்கினார். இரண்டு மாதம் கழித்து, அரபு நாடுகளிலேயே முதல் பெண் பிரதமராக நஜ்லா பூதனை நியமித்தார். உலகச் செய்திகள் அதைக் கொண்டாடின. 2022-இல் சயீதே ஆணையிட்டு மாற்றிய தேர்தல் சட்டத்தில் அந்தச் சமநிலை விதி இல்லை. அடுத்து அமைந்த நாடாளுமன்றத்தில் பெண்கள் ஏறத்தாழ 16 விழுக்காடு. 2014-இல் அது 31 விழுக்காடாக இருந்தது. பூதனும் 2023 ஆகஸ்டில் நீக்கப்பட்டார்.

நாட்டின் தலைவரே பெண் என்றால்?

உறுதி எதுவும் இல்லை. இந்தியாவில் 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை இந்திரா காந்தியின் ஆட்சியில்தான் நடந்தது. வங்கதேசத்தில் ஷேக் ஹசீனாவின் பதினைந்து ஆண்டு ஆட்சி, எதிர்க்கட்சிகள் புறக்கணித்த தேர்தல்களைக் கண்டு, 2024 ஆகஸ்டில் மாணவர் எழுச்சியில் முடிந்தது. மறுபுறம், பெனசிர் பூட்டோ இருமுறை பிரதமராக இருந்தும் ஜியாவின் ஹுதூத் சட்டங்களை நீக்க முடியவில்லை.

ஜனநாயகம் இருந்தால் சமத்துவம் தானாக வந்துவிடுமா?

வராது. சுவிட்சர்லாந்தைவிட அதிகமாக மக்கள் வாக்கெடுப்பு நடத்திய நாடு இல்லை. அங்கே 1959-இல் பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று ஆண்களிடம் கேட்டார்கள்; மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். 1971-இல்தான் கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்குரிமை கிடைத்தது. அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சிறு மாநிலத்தில், 1990-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே பெண்கள் உள்ளூர் அவையில் வாக்களிக்க முடிந்தது. பாதி மக்களை வெளியே நிறுத்திவிட்டு நடந்ததை ஜனநாயகம் என்று நாம் தயங்காமல் அழைத்துவந்தது, அந்தச் சொல்லை நாம் எவ்வளவு மலிவாகப் பயன்படுத்தினோம் என்பதைக் காட்டுகிறது.

ருமேனியாவில் கம்யூனிச ஆட்சியின் இறுதிக்கால நாடாளுமன்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். 1990-இல் நடந்த முதல் சுதந்திரத் தேர்தலில் அது ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே போனது. பழைய எண்ணிக்கை ஏட்டுச் சுரைக்காய் என்பது அப்போது தெரிந்தது. புதிய கட்சிகள் பெண்களை நிறுத்த விரும்பவில்லை என்பதும் சேர்ந்தே தெரிந்தது.

பெண் அரசியலர் மீதான இணைய வசையையும் சரிவோடு சேர்த்துப் பேச வேண்டுமா? அது எங்கும் உள்ளதுதானே?

எங்கும் உண்டு. நாடாளுமன்றங்களின் சர்வதேச ஒன்றியம் 2016-இல் 39 நாடுகளைச் சேர்ந்த 55 பெண் உறுப்பினர்களிடம் பேசியபோது, 81.8 விழுக்காட்டினர் உளவியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள், 44.4 விழுக்காட்டினருக்குக் கொலை, வன்புணர்வு, தாக்குதல், கடத்தல் மிரட்டல்கள் வந்திருந்தன. சரியும் நாடுகளில் உள்ள வேறுபாடு, வசையும் அரசு இயந்திரமும் கைகோத்துக்கொள்வது.

பிலிப்பைன்சில் போதைப்பொருள் ஒழிப்பின் பெயரால் நடந்த கொலைகளைப் பற்றி 2016-இல் செனட் விசாரணையைத் தொடங்கியவர் செனட் உறுப்பினர் லைலா டி லிமா. பதிலுக்கு, அவருடையது என்று சொல்லப்பட்ட அந்தரங்கக் காணொளி ஒன்றை நாடாளுமன்றக் கீழவையின் விசாரணையில் திரையிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அப்போது பெண்கள் பலர் சமூக ஊடகங்களில் தம் பெயரோடு எழுதினார்கள்: அந்தக் காணொளியில் இருப்பது நான்தான், சாட்சி சொல்ல வருகிறேன். திரையிடல் நடக்கவில்லை. டி லிமா மட்டும் 2017 பிப்ரவரியில் போதைப்பொருள் வழக்கில் கைதாகி, 2023 நவம்பர்வரை காவலில் இருந்தார்; 2024-இல் கடைசி வழக்கும் தள்ளுபடியானது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள்.

சரிவை எதிர்ப்பதில் பெண்களின் பங்கு தனித்ததா?

பல இடங்களில் ஆம்; அதற்குக் காரணமும் உண்டு. பெண்களைத் தாக்கும் காவலர் ஊரார் கண்ணில் எளிதில் சிறுத்துப்போகிறார். அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி பிள்ளைகளைக் கடத்திக் காணாமலாக்கியபோது, 1977 ஏப்ரல் 30 அன்று பதினான்கு தாய்மார்கள் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் நின்றார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்று காவலர்கள் விரட்டினார்கள். அவர்களும் கைகோத்து, சதுக்கத்தின் நடுவேயிருந்த தூணைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். வியாழன்தோறும் அந்த நடை தொடர்ந்தது. அவர்களைத் திரட்டிய அசுசேனா வில்லாஃப்லோர் அதே டிசம்பரில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; தாய்மை தரும் காப்பு ஓரளவுக்குத்தான்.

சிலியில் ஜெனரல் பினோசேவின் இராணுவ ஆட்சியை எதிர்த்த பெண்கள், ‘நாட்டிலும் வீட்டிலும் ஜனநாயகம்’ என்று முழங்கினார்கள். பெலாரசில் 2020 தேர்தலுக்குப் பிறகு வெள்ளுடையில் மலர்களோடு சங்கிலியாக நின்றவர்கள் பெண்கள். அந்நாட்டின் அரசமைப்பு பெண்ணுக்கானதல்ல, பாவம் அந்தப் பாரத்தைத் தாங்கமாட்டாள் என்று தேர்தலுக்கு முன் அதிபர் லுகாஷென்கோ பேசியிருந்தார். எதிர்ப்பாளர் மரியா கொலெஸ்னிகோவாவைச் செப்டம்பரில் முகமூடிக்காரர்கள் பிடித்துச் சென்று உக்ரைன் எல்லையில் வெளியேற்ற முயன்றபோது, அவர் தம் கடவுச்சீட்டைக் கிழித்தெறிந்து, கார் ஜன்னல் வழியாக வெளியேறி, தம் நாட்டுக்குள்ளேயே திரும்பி நடந்தார். அடுத்த ஆண்டு பதினொரு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

தென்கொரியாவில் பாலின சமத்துவ அமைச்சகத்தை ஒழிப்பதாக வாக்குறுதி தந்து 2022-இல் வென்றவர் யூன் சுக்-இயோல். அவரே 2024 டிசம்பர் 3 இரவு இராணுவச் சட்டத்தை அறிவித்தார். சில மணி நேரத்தில் 190 உறுப்பினர்கள் கூடி அதை நிராகரித்தார்கள். அடுத்த வாரங்களில் அவரைப் பதவி நீக்கக் கோரிக் குளிரில் திரண்ட கூட்டத்தில் இளம்பெண்கள் மிகுந்திருந்தார்கள். மெழுகுவத்திக்குப் பதிலாக, பாப் இசை நிகழ்ச்சிகளில் அசைக்கும் ஒளிக்கோல்கள் அவர்கள் கையில் இருந்தன.

ஒரு நாட்டில் சரிவு தொடங்கிவிட்டதா என்று எதைப் பார்த்து அறிவது?

அவையில் எத்தனை பெண்கள் என்பதைக் கடைசியாகப் பாருங்கள். ஆட்சியை எதிர்க்கும் ஒரு பெண் சங்கம் பதிவுசெய்ய முடிகிறதா, நன்கொடை பெற முடிகிறதா, வழக்கில் வெல்லவும் வாய்ப்பிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குடும்ப வன்முறை பற்றிய புள்ளிவிவரங்களை அரசு வெளியிடுவதை நிறுத்தினால், மகளிர் அமைச்சகத்தின் பெயர் ‘குடும்ப’ அமைச்சகம் என்று மாறினால், காரணம் கேளுங்கள். துருக்கியில் 2011-இலேயே அமைச்சகத்தின் பெயரிலிருந்து ‘பெண்கள்’ என்ற சொல் போய்விட்டது.

இழந்த உரிமை, ஆட்சி மாறினால் திரும்பக் கிடைக்குமா?

ஒரே விடை இல்லை. ருமேனியாவில் கம்யூனிச ஆட்சியாளர் சௌஷெஸ்கு 1966-இல் பிறப்பித்த 770-ஆம் ஆணை கருக்கலைப்பை ஏறத்தாழ முற்றாகத் தடைசெய்தது. திருட்டுத்தனமான சிகிச்சையால் சுமார் 10,000 பெண்கள் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. 1989 டிசம்பர் 25 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாளே அந்த ஆணை ரத்தானது. அதே 1989-இல் பினோசே, பதவியிலிருந்து இறங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன், தாயின் உயிரைக் காப்பதற்கான கருக்கலைப்பையும் சிலியில் தடைசெய்தார். ஜனநாயகம் திரும்பி, மிச்செல் பாசெலெட் என்ற பெண் இருமுறை அதிபராகி, 2017-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. பாகிஸ்தானில் ஹுதூத் சட்டங்களின் மிகக் கொடிய பகுதிகள் திருத்தப்பட 2006 ஆனது. வீழ்ச்சி திடீரென நிகழ்ந்தால் பழைய சட்டமும் உடன் விழுகிறது. பேரம் பேசி ஆட்சி கைமாறினால், விட்டுக்கொடுக்கப்படும் பட்டியலில் பெண்களின் உரிமை இடம்பெற்றுவிடுகிறது.

போலந்தில் 2023 அக்டோபர் 15 அன்று 74 விழுக்காட்டுக்கும் மேலானோர் வாக்களித்தார்கள். விரோத்ஸ்வாஃப் நகரின் யாகொத்னோ பகுதியில் வரிசை நீண்டு, கடைசி வாக்கு விடியற்காலை மூன்று மணியளவில் பதிவானது. ஆளுங்கட்சி பெரும்பான்மையை இழந்தது. கருக்கலைப்புக்கு உதவுவோரைத் தண்டிக்கும் விதியை நீக்கும் மசோதா 2024 ஜூலையில் புதிய நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆளும் கூட்டணியின் ஒரு பகுதியே எதிர்த்து வாக்களித்ததால், 215-க்கு 218 என்ற கணக்கில் அது தோற்றது.